நடும் முன் நாற்று தேற வேண்டும்

அம்பாசமுத்திரம் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் வைத்திருக்கிறார் அந்த 62 வயது விவசாயி. கார் அறுவடையின்போது, மூட்டை எடைபோட்ட தராசில் பேரன் விளையாட்டாக அவரை ஏற்றிவிட்டான். 49 கிலோ. ஆறு மாதத்துக்கு முன் 58 இருந்தவர்.

பரிசோதனையில் இரைப்பையின் கீழ்வாயில் புற்றுக்கட்டி என்று தெரிந்தது. சாப்பிட்டது இறங்காமல் வாந்தி. சத்தாகக் கொடுத்தால் கட்டிதான் வளரும் என்று யாரோ சொன்னதை நம்பி, மனைவி பாலையும் முட்டையையும் நிறுத்தியிருந்தார். வெறும் வடிகஞ்சிதான்.

மருத்துவர் அறுவை சிகிச்சையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். மகனுக்குப் பதற்றம். "அதுக்குள்ள கட்டி பெருசாயிராதா, சார்?"

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே ஆபத்து. இவருக்கு 15 சதவீதம். தையல் போட்ட இடம் ஆறப் புரதம் வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு கசியும், கிருமி தொற்றும். கட்டி வளர்வதைவிட அதுதான் உடனடி ஆபத்து.

இது பழைய பாடம். 1936-இல் ஸ்டட்லி என்ற அமெரிக்க மருத்துவர், வயிற்றுப்புண் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்தார். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். மற்றவர்களில் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை.

பெரியவர் மகனைப் பார்த்துச் சொன்னார்: "நாத்து நோஞ்சானா இருந்தா நட்டாலும் பச்சை பிடிக்காதுல்லா. டாக்டர் சொல்லுதது சரிதாம்ல."

மூக்கு வழியாக மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டிச் சிறுகுடல்வரை செலுத்தி, திரவ உணவு கொடுத்தார்கள். பட்டினி கிடந்த உடம்புக்கு எடுத்த எடுப்பில் நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகும். அதனால் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே அளவைக் கூட்டினார்கள். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. அவருக்கு நாளுக்கு 60 முதல் 70 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் உண்டு. வடிகஞ்சியில் பெயருக்குத்தான்.

பிசான நெல்லுக்குக் களையெடுக்கும்போது அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேல்சிகிச்சை இன்னும் பாக்கி. "முட்டையை நிறுத்தாம இருந்திருக்கலாம்" என்று மனைவிக்கு மட்டும் மனக்குறை.

மூட்டைக்கு எடை பார்க்கும் தராசில் மாதம் ஒருமுறை வீட்டுப் பெரியவர்களையும் ஏற்றிப் பாருங்கள். காரணமில்லாமல் எடை குறைந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். புற்றுநோய் என்று தெரிந்தால், கத்தி வைக்கும் முன் என்ன சாப்பிட வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மட்டும் மருத்துவர் முடிவாக இருக்கட்டும்.