பழைய வண்டிக்குப் புதிய நரம்புகள்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த என் தந்தையார், 1968-ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 2 ஒன்றைப் பழைய வண்டியாகவே வாங்கினார். உத்தரபாராவில் பிறந்த அவ்வண்டியின் 1489 சி.சி. எஞ்சின், இருமுறை 'போர்' செய்யப்பட்டு, மூன்றாம் முறைக்கு இடமின்றி ஓய்ந்தது.

பிற்கால அம்பாசிடரின் 1817 சி.சி. இசுசு எஞ்சினைப் பொருத்தலாம் என்றேன். தந்தையார் உடன்படவில்லை. 2021-இல் வந்த மைய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்து, எஞ்சினும் உடலும் மாறாத வண்டியே 'விண்டேஜ்' எனப் பதிவு பெறும். அப்பெருமையை நான் அழிப்பதாக அவருக்கு வருத்தம். ஆனால் அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் இயலாதே! அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எனக்கு வேண்டியது ஓடும் வண்டி. ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

பதிவு அலுவலக அனுமதிக்கான கோப்பு நகர்ந்த கதையை, கோப்புகளோடு வாழும் நானே சொல்வது முறையன்று. மல்லிக் பஜாரில் எஞ்சினை வாங்கியபோது, அதன் வயரிங்கையும் கணிப்பெட்டியையும் வெட்டாமல் முழுமையாகப் பெற்றோம். அதுவே பாதி வேலை.

பழைய வண்டியின் வயரிங் எளியது. ஓரிரு ஃப்யூஸ்களில் அடங்குவது. பழுப்பு நிறக் கம்பியில் எப்போதும் மின்சாரம் உண்டு. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர்பெறும். கறுப்பு, எர்த். புதிய எஞ்சினின் நிறங்களோ வேறு மொழி பேசின! மிஸ்திரி ஒவ்வொரு கம்பியையும் மீட்டரால் தொட்டுப் பார்த்துச் சீட்டுக் கட்டினார். குளிர்நீரின் வெப்பம், த்ராட்டிலின் திறப்பு ஆகியவற்றை அறிவிக்கும் சென்சார் கம்பிகளை நாங்கள் தீண்டவே இல்லை. வண்டியோடு சேர்க்க வேண்டியவை சிலவே: நிலையான மின்சாரம், சாவி மின்சாரம், பெட்ரோல் பம்பின் ரிலே, மீட்டர்கள், எர்த். பழைய பம்பின் அழுத்தம் போதாமையால் புதிய பம்பும், மிஞ்சிய பெட்ரோல் திரும்ப ஒரு குழாயும் வைத்தோம்.

பழைய கம்பிக் கட்டைப் பிரித்தபோது, துணி நாடாவுக்குள்ளே பழுப்பேறிய காகிதத் துண்டுகள் இருந்தன. 'ஹாரன்', 'இடப்பக்க விளக்கு' என்று தந்தையாரின் கையெழுத்து. அவரே ஒருகாலத்தில் வயரிங்கைப் புதுப்பித்திருக்கிறார், எனக்குச் சொன்னதில்லை. அவற்றைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினேன்.

எஞ்சின் முதல் முயற்சியிலேயே ஓடியது. மாலையில் முகப்பு விளக்கைப் போட்டதும் நின்றது. மறுபடி ஓடிற்று, விளக்கு, மீண்டும் மௌனம். இரண்டு ஞாயிறுகள் வீணாயின. மிஸ்திரி கணிப்பெட்டியைச் சந்தேகித்தார்.

காகிதத் துண்டுகளைத் தந்தையாரிடம் கொடுத்து நிலைமையைச் சொன்னேன். நெடுநேரம் அவற்றையே பார்த்திருந்தார்.

"எர்த்தை எங்கடா முடுக்கினீங்க?"

"விளக்கோட எர்த் இருக்கற போல்ட்டுலதாம்ப்பா."

"அதுக்கு அடியில நான் பெயின்ட் அடிச்சிருக்கேன்."

விளக்கின் மின்சாரமும் கணிப்பெட்டியின் மின்சாரமும் அந்த ஒரே அரைகுறை இணைப்பில் நெருக்கியடித்திருக்கின்றன. பெயின்ட்டைச் சுரண்டித் தகட்டைப் பளபளப்பாக்கினோம். கணிப்பெட்டிக்குத் தனி எர்த்தை எஞ்சினிலேயே கொடுத்து, எஞ்சினையும் உடலையும் தடித்த பட்டையால் இணைத்தோம்.

மறுநாள் காலை தந்தையார் கைத்தடியோடு வந்து முன்னிருக்கையில் அமர்ந்தார். எஞ்சின் ஓடியது.

"விளக்கையும் போடு" என்றார்.