அண்டாவும் விசைப்படகும்

எங்கள் உழவர்கரை வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? "அண்டாதானே, கிடக்கட்டும்" என்று நாம் விட்டுவிடுவோம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு இஞ்சின் பழுது பார்க்கும் என் கொழுந்தனாரால் அப்படி விட முடியாது!

கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரேதான் பல படகுகளில் இஞ்சினின் சூட்டைத் தணிக்கிறது. நீர் சூடேற ஏற, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பிரிந்து குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். வழி குறுகும், சூடு தணியாது. நடுக்கடலில் இஞ்சின் இறுகிப்போனால் இறங்கி நடக்கவா முடியும்?

வைத்தியம் எளியதுதான். படகு கரைக்கு வந்ததும் குழாய்களை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். படிவு தடித்துவிட்டால், எலுமிச்சம்பழத்தில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து ஓடவிடுவார். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். நுரை அடங்கியதும் மறுபடி நல்ல தண்ணீர். அவசரப்பட்டுக் கடுமையான அமிலத்தை ஊற்றினாலோ, அலுமினியப் பாகங்களையே அரித்துவிடுமாம்.

குளிர்விக்கும் நீர் தாராளமாக வெளியே பாய்கிறதா என்று பார்க்காமல் அவர் எந்தப் படகையும் அனுப்புவதில்லை. அதில் போகிறவனுக்காக ஒருத்தி உலை வைத்துக் காத்திருப்பாள் அல்லவா?