கை தூக்குகிறவர்கள்

முதுகலை படிக்க இங்கிலாந்து போன வருடம், பேராலயப் பள்ளி ஒன்றின் விடுதியில் எனக்குப் பகுதி நேர வேலை கிடைத்தது. தென்பகுதியில் ஒரு சிறிய நகரம் அது. பேராலயத்தில் பாடும் கொயர் பிள்ளைகள் அந்த விடுதியில் தங்கிப் படித்தார்கள். 8 வயதில் வருவார்கள், 13இல் போவார்கள். காலையில் அவர்களை எழுப்புவது, காணாமல் போன காலுறையைத் தேடிக் கொடுப்பது, பயிற்சி அறைகளைச் சுற்றி வருவது என் வேலை. போனில் சொன்னபோது அம்மா சம்பளத்தைக் கேட்கவில்லை. "எட்டு வயசுப் புள்ளையவா வுட்டுட்டுப் போறாங்க? பெத்தவங்களுக்கு எப்புடி மனசு வருது?" என்றுதான் கேட்டார்.

நான் படிவம் ஒன்றில் அஸ்ராமாவுக்குப் போனவள். 13 வயதிலேயே முதல் மாதம் முழுக்கத் தலையணையை நனைத்திருக்கிறேன். ஆகவே அம்மாவின் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

பசியாறலுக்கு முன்பே அவர்களுக்கு வாத்தியப் பயிற்சி தொடங்கிவிடும். பாட வந்த பிள்ளைகள்தான் என்றாலும் ஒவ்வொருவரும் பியானோவும் இன்னொரு வாத்தியமும் கற்றார்கள். நீண்ட நடை, இருபக்கமும் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் வயலின், அடுத்ததில் டிரம்பெட், அதற்கடுத்ததில் ஒரே நான்கு சுரங்களை இருபது தடவை அடிக்கும் பியானோ. சத்தம் நின்ற அறைக்கதவைத்தான் நான் தட்ட வேண்டும். பெரும்பாலும் உள்ளே ஒருவன் காமிக் புத்தகம் படித்துக்கொண்டிருப்பான்.

பிறகு பேராலயத்துக்குப் பக்கத்திலுள்ள பயிற்சி அறையில் ஒரு மணி நேரம் பாட்டு. அதன் பிறகு கணக்கும் அறிவியலும் எல்லாப் பள்ளிகளையும் போல. மாலை ஐந்தரைக்கு வழிபாடு. மாணவர்கள் சனிக்கிழமை மேடையேறப் பயிற்சி செய்வார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்களுக்கு வாரத்தின் பெரும்பாலான நாள்களும் மேடைதான். சில மாலைகளில் கேட்க வந்தவர்களைவிடப் பாடுகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். பாட்டில் எந்தக் குறையும் வைக்க மாட்டார்கள்.

தமிழ் பைபிளில் 'சங்கீதம்' என்கிறோமே, அந்த 150 பாடல்களையும் ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூல் 30 நாள்களுக்குப் பிரித்து வைத்திருக்கிறது. மாதத்தின் 15ஆம் தேதி மாலைக்கு 78ஆம் சங்கீதம். 70க்கும் மேற்பட்ட வசனங்கள். அந்தத் தேதி எந்தக் கிழமையில் விழுகிறது என்று பையன்கள் நாள்காட்டியில் எண்ணிப் பார்ப்பார்கள். குட்டியான ஒரு மெட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். ஆனால் வசனங்களின் நீளம் ஒன்றுபோல இருக்காது. தாளம் கிடையாது, பேச்சின் ஓட்டம்தான் கணக்கு. நம்முடைய விருத்தத்தைப் பத்துப் பதினாறு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் பாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருப்பவன் எப்போது மூச்சு எடுக்கிறான் என்று தெரியாவிட்டால் பாட முடியாது. புதிதாக வந்த பிள்ளையை இரண்டு பெரிய பையன்களுக்கு நடுவில் நிறுத்துவார்கள். முதல் பாடமே அந்த முழங்கைகளிலிருந்துதான்.

அந்த அறையில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது வேறொன்று. பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு கை மேலே போகும். ஒரு நொடியில் கீழே இறங்கும். பாட்டு நிற்காது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கை. நம் பள்ளிகளில் கை தூக்கினால் இரண்டே அர்த்தம். பதில் தெரியும், இல்லையென்றால் டாண்டாஸ் போக வேண்டும். இங்கே அதற்கு அர்த்தம், 'தப்பாகப் பாடியது நான்தான், எனக்குத் தெரியும்'. இங்கிலாந்தின் பேராலயக் கொயர்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் உண்டு. கை எழுந்தால் நடத்துனர் நிறுத்த மாட்டார். தப்பு நடந்து கை எழாவிட்டால்தான் நிறுத்துவார். தெரியாத தப்பைத்தானே சொல்லிக் கொடுக்க வேண்டும்!

எங்கள் ஊர்க் கோயிலில் சனிக்கிழமை தேவார வகுப்பு நடக்கும். சுருதி விலகினால் ஐயா நிறுத்தி, "யாரு?" என்பார். முப்பது பிள்ளைகளும் தரையைப் பார்ப்போம். அந்த "யாரு?"வுக்குப் பதில் வந்து நான் பார்த்ததே இல்லை. இங்கே 9 வயதுப் பையன் ஒருவன் ஒரே பக்கத்தில் நான்கு முறை கை தூக்கினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் வியந்து அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் இரவில் விளக்கணைத்த பிறகு வேறொரு சத்தம் கேட்கும். புதிதாக வந்த 8 வயதுப் பையன் முதல் மூன்று வாரங்கள் போர்வைக்குள் அழுதான். பாட்டு அறையில் ஒருநாள்கூட அழவில்லை. அழுகையை எங்கே வைக்க வேண்டும் என்று அதற்குள் கற்றுவிட்டானோ என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த மரபின் பழைய கணக்கும் இனிமையானது அல்ல. 1730 ஆகஸ்டில் லைப்சிக் நகர மன்றத்துக்கு யோகான் செபாஸ்தியன் பாக் ஒரு நீண்ட மனு எழுதினார். புனித தோமா பள்ளியில் தங்கியிருந்த 54 மாணவர்களைப் பெயர்களோடு வகை பிரித்தார். தேறியவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, உதவாதவர்கள் 17. பாக்கின் இசையைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கடைசி 17 பேர் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஹைடன் 8 வயது வாக்கில் வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்துக்குப் பாட வந்தவர். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தங்க இடமில்லாமல் நின்றார். பெண் பிள்ளைகளுக்கோ வெகுகாலம் கதவே திறக்கவில்லை. சாலிஸ்பரி பேராலயம் 1991இல்தான் சிறுமியர் கொயரைத் தொடங்கியது.

இன்று குரல் உடைந்தால் யாரையும் தெருவில் விடுவதில்லை. ஆனாலும் குரல் உடையத்தான் செய்கிறது. பாக் காலத்தில் 16, 17 வயதுவரைகூட மேல்குரலில் பாடிய பையன்கள் உண்டு. இப்போது 13லேயே முடிந்துவிடுகிறது. ஐந்து வருடம் தினமும் தீட்டிய கருவி, தன் உடம்புக்குள்ளேயே, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

அதை நான் ஒருமுறை பார்த்தேன். மூத்த பையன்களில் ஒருவன். மார்ச் மாதக் காலைப் பயிற்சி. உச்சத்தில் ஒரு சுரம் கிழிந்தது. கை தூக்கினான். அடுத்த வரியில் மறுபடியும் கிழிந்தது. மறுபடியும் கை. மூன்றாவது முறை கை பாதிவரை போய் நின்றது. அது அவனுடைய தப்பு இல்லை என்று அவனுக்கே புரிந்திருக்க வேண்டும். கை மெதுவாக இறங்கியது. நடத்துனர் ஒரு கணம் அவனைப் பார்த்தார், பாட்டு தொடர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் நின்ற சின்னப் பையன்கள் கொஞ்சம் சத்தமாகப் பாடினார்கள்.

மறுநாள் பியானோ அறையில் அவனிடம், "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பாட முடியாதது பரவாயில்லை. அவங்க பாடுறப்போ எங்கே மூச்சு எடுப்பாங்கன்னு என் உடம்புக்குத் தெரியுது. அதை நிறுத்த முடியலை" என்றான்.

8 வயதுப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பலாமா என்று கேட்டால், என் பதில் இன்றும் கூடாது என்பதுதான். ஆனால் பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே வைத்துக்கொண்டு, பெரியவர்கள் செய்யும் வேலையை நம்பிக் கொடுத்த இடமென்று நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான். இரண்டும் உண்மை.

ஜூலையில் வேலை முடியும்போது இசைத்தாள்களை அலமாரியில் அடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பழுப்பேறிய பிரதிகள். சுரங்களுக்கு மேலே பென்சில் குறிகள். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு காற்புள்ளி, நடத்துனரைக் கவனிக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மூக்குக் கண்ணாடிப் படம். ஒரே பிரதியில் மூன்று நான்கு கையெழுத்துகள். எழுதியவர்களில் சிலருக்கு இந்நேரம் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். அந்தக் காற்புள்ளிகளை மட்டும் யாரும் அழிக்கவில்லை. நானும் தூசியை மட்டும் துடைத்துவிட்டு அடுக்கினேன்.