இரும்பை மறைக்கும் மண்

உலகப் போரும் சிறையும் விட்டுச்சென்ற உலோகம் அந்தமானில் இன்னும் புதைந்து கிடக்கிறது. அதைத் தேடும் மெட்டல் டிடெக்டருக்கு ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு பதில் சொல்கிறது.

கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகும் சாலையோரம், கடலைப் பார்த்தபடி கான்கிரீட் அறைகள் மண்ணிலிருந்து பாதி தலைநீட்டி நிற்கின்றன. சுவரில் துப்பாக்கி முனை நுழையும் அளவுக்கு ஒரு நீளத் திறப்பு. உள்ளே குப்பையும் ஈரமும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை கட்டிய பதுங்குகுழிகள் இவை. சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு இளநீர்க் கடையைத் தேடிப் போய்விடுகிறார்கள். மேலே தெரியும் போர் இவ்வளவுதான். கீழே இருப்பது எவ்வளவு என்பது வேறு கணக்கு.

ஜப்பானியர்கள் இங்கே இறங்கியது 1942 மார்ச் 23. சரணடைந்தது 1945 அக்டோபரில். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் தீவெங்கும் பதுங்குகுழி தோண்டினார்கள். வானிலிருந்தும் கடலிலிருந்தும் குண்டுகள் விழுந்தன. அதற்கு முன்பே, 1858-ல் தொடங்கிய கைதிகள் குடியிருப்பு தன் பங்குக்கு விலங்கு, சங்கிலி, ஆணி, கீல் என்று இரும்பைக் கொட்டிவைத்திருந்தது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர் இந்த இரும்பின் மேல்தான் வளர்கிறது. சாலை அகலமாகிறது, புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மண்வெட்டி எதில் இடிக்கும் என்பது சாதாரணக் கேள்வி அல்ல. அது துருப்பிடித்த ஆணியாக இருந்தால் பரவாயில்லை. வெடிக்காத குண்டாக இருந்தால்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது மெட்டல் டிடெக்டர். அது சொல்லும் பதில் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை முடிவு செய்வது மண்.

கருவியின் தத்துவம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். கம்பிச் சுருளில் மாறுதிசை மின்சாரம் ஓடுகிறது. அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் இறங்கி உலோகத்தைத் தொட்டால், உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. கருவி கேட்பது அந்த எதிரொலியை. எதிரொலியோ வெகு மெல்லியது. சிறு பொருள் இரண்டு மடங்கு ஆழத்தில் இருந்தால் சமிக்ஞை பாதியாகக் குறைவதில்லை. ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் கையில் பிடித்துத் தேடும் சாதாரணக் கருவிக்கு ஒரு நாணயம் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போனாலே தகராறு.

இந்தக் கருவியின் வரலாறே சுற்றுப்புறம் செய்த குறும்பில்தான் தொடங்குகிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். தேடல் தோற்றது. படுக்கைக்குள் இருந்த எஃகு ஸ்பிரிங்குகளும் குழப்பத்துக்கு ஒரு காரணம். கண்ணிவெடி தேடும் கைக்கருவியை இரண்டாம் உலகப் போரில் வடிவமைத்தவர் யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து ராணுவ அதிகாரி. அது பெயர் வாங்கியது 1942-ல், எகிப்தின் எல் அலமைன் போர்க்களத்தில். காய்ந்த பாலைவன மணல் அது. டிடெக்டருக்கு அதைவிடச் சுலபமான மண் கிடைக்காது. அதே ஆண்டில் ஜப்பானியர்கள் பதுங்குகுழி தோண்டிய அந்தமானில் நிலைமை நேரெதிர்.

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே, சூரிய அஸ்தமனம் பார்க்கக் கூட்டம் கூடும் சிடியா டாப்புவுக்குப் போனால் முதல் சிக்கல் காலடியில் கிடக்கிறது. அந்தமானின் கிழக்கு ஓரத்தில் பல இடங்களில் ஆழ்கடல் தரைப் பாறையே மேலெழுந்து வந்திருக்கிறது. கார்பின்ஸ் கோவ், சிடியா டாப்பு, நீர்ச்சந்தியைத் தாண்டிய ரட்லண்ட் தீவு எல்லாம் அந்த வரிசையில் அடக்கம். கரும்பச்சை நிறத்தில், பாம்புத் தோல் போல வழவழக்கும் பாறை. அது உருவாகும்போதே உள்ளே மாக்னடைட் என்ற காந்த இரும்புத்தாதுவும் பொடிப்பொடியாக உண்டாகிவிடுகிறது. சேலத்துக் கஞ்சமலைக்காரர்களுக்கு இந்தத் தாதுவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை பாறையைக் கரைத்துச் செம்மண்ணாக்குகிறது. கரையக் கூடியது கரைந்து போகிறது, இரும்பு தங்கிவிடுகிறது.

டிடெக்டரை அந்த மண்மேல் பிடித்தால் மண்ணே பதில் சொல்கிறது. இரும்புத் துகள் நிறைந்த நிலம், அடியில் எதுவும் இல்லாதபோதும் கருவியைக் கத்தவைக்கும். இதைச் சமாளிக்க நல்ல கருவிகளில் ஒரு வழி உண்டு. கருவியைத் தரையருகே ஏற்றி இறக்கி, அந்த மண்ணின் குரலைப் பழக்கி, அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வது. ஆனால் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மண்ணின் குரலை அடக்கும்போது ஆழத்தில் கிடக்கும் உலோகத்தின் மெல்லிய குரலும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. இரண்டடி தள்ளி மண்ணின் கலவை மாறினால் பழக்கியது வீண். மறுபடி தொடங்க வேண்டும். ஆழத்துக் குண்டுகளைத் தேடப் பயன்படும் மாக்னடோமீட்டருக்கும் விடுதலை இல்லை. பூமியின் காந்தப்புலத்தில் இரும்பு உண்டாக்கும் சலனத்தை அது அளக்கிறது. அதே சலனத்தைக் காந்தத் தாது நிறைந்த பாறையும் உண்டாக்கும்.

அடுத்தது கடற்கரை. ஹேவ்லாக் என்று அறியப்பட்டு 2018-ல் ஸ்வராஜ் தீவாகப் பெயர் மாறிய தீவின் ராதாநகர் கரையில் மணல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பெரும்பகுதி பவளமும் சிப்பியும் நொறுங்கிய சுண்ணாம்புத் தூள். அதில் காந்தமும் இல்லை, மின்கடத்தலும் இல்லை. காய்ந்த மணலில் டிடெக்டர் ஞானியைப் போல மௌனமாக இருக்கும். ஒரு மோதிரம் விழுந்தால் பளிச்சென்று சொல்லிவிடும். அலை வந்து போகும் ஈர மணலுக்கு நாலடி எடுத்துவைத்தால் கதை தலைகீழ். கடல்நீர் நல்ல மின்கடத்தி. குடிநீரைவிட அதற்குப் பல பத்து மடங்கு, சமயத்தில் நூறு மடங்கு கடத்தும் திறன் உண்டு. உப்பு ஈரமே ஒரு பெரிய உலோகத் தகடு போல நடித்துச் சமிக்ஞை கொடுக்கிறது. அந்தச் சமிக்ஞையும் மெல்லிய தங்கச் சங்கிலி தரும் சமிக்ஞையும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதுதான் வேடிக்கை. உப்பை ஒதுக்கும்படி கருவியைத் திருப்பினால் சங்கிலியும் ஒதுங்கிவிடும். தேனிலவுக்கு வந்தவர்கள் தொலைத்த நகையில் ஒரு பங்கைக் கடல் வைத்துக்கொள்வதில் இப்படி ஒரு பௌதிகமும் இருக்கிறது.

நிலம் ஒரே காலையில் தன் குணத்தை மாற்றிக்கொண்ட இடமும் இங்கே உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று பூகம்பத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. வடக்கு அந்தமானில் தரை உயர்ந்து பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்துவிட்டன. போர்ட் பிளேருக்கு அருகே சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் கடல் நுழைந்தது. அணை போட்டுக் கடலைத் தடுக்க முடிந்த இடங்களில் மழை மெல்ல மெல்ல உப்பைக் கழுவியது. மற்ற இடங்களில் வயல் காயலாகிவிட்டது. விவசாயிக்கு அது வாழ்க்கை இழப்பு. டிடெக்டருக்கு அது புதிய மண். சுனாமிக்கு முன்னால் அங்கே கருவி எவ்வளவு ஆழம் பார்த்தது என்ற கணக்கு அதற்குப் பின் செல்லாது. போதாததற்கு அலை இடித்த இடங்களில் தகரமும் ஆணியும் கம்பியும் மணலோடு கலந்து புதிய அடுக்காகப் படிந்தன.

ராஸ் தீவுக்குப் படகில் போகிறவர்கள் (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) இடிந்த சர்ச்சையும் பேக்கரியையும் விழுதுகள் நெரிக்கும் சுவர்களையும் மான்களையும் பார்க்கிறார்கள். 1858 முதல் 1941 வரை ஆட்சியின் தலைமையிடம் இது. 1941 ஜூன் பூகம்பத்துக்குப் பிறகு கைவிடப்பட்டது. பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள். டிடெக்டருக்கு இங்கே காத்திருப்பது மூன்றாவது தொல்லை. மரக் கட்டடங்கள் உளுத்துப் போய்விட்டன, அவற்றின் ஆணிகள் மட்டும் மண்ணில் தங்கிவிட்டன. அடுத்தடுத்துக் கிடக்கும் ஆணிகளின் இரைச்சலில் நடுவே ஒரு வெள்ளி நாணயம் இருந்தாலும் காதில் விழாது. செங்கல்லும் சும்மா இருப்பதில்லை. சூளையில் வேகும்போது களிமண்ணில் உள்ள இரும்பு, காந்தத் தன்மை கூடிய வடிவத்துக்கு மாறுவதால், நன்றாக வெந்த செங்கல் துண்டே உலோகம் போலக் குரல் கொடுக்கும்.

மண் கருவியை மட்டும் ஏமாற்றுவதில்லை. உலோகத்தையே தின்றும் விடுகிறது. அந்தமான் மலைச்சரிவுகளின் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது. மழையும் சேர்ந்தால் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்து, சுற்றியுள்ள மண்ணில் துருவாகப் பரவுகிறது. ஈரமான மண்ணில் அந்தத் துரு வளையம் ஆணியைப் பெரிய பொருளாகக் காட்டும். தோண்டிக் கலைத்ததும் சமிக்ஞை காணாமல் போகும். பவளக் கரையில் வேறு கதை. சுண்ணாம்பு இரும்பைச் சுற்றிக் கல்லாக இறுகுகிறது. உள்ளே இரும்பு கரைந்து போய், அதன் வடிவில் வெற்றிடம் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. 1844 நவம்பர் புயலில் ‘ரன்னிமீட்’, ‘பிரிட்டன்’ என்ற இரண்டு கப்பல்கள் ஒரே இரவில் ஜான் லாரன்ஸ் தீவின் கரையில் அருகருகே தூக்கி வீசப்பட்டன. 600-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். அலையாத்திச் சேற்றுக்குள் போன ஆணியும் அதே தீவின் மணலில் விழுந்த ஆணியும் ஒரே விதமாக முதுமை அடைந்திருக்காது. ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு ‘மாநக்கவாரம்’ என்று நிக்கோபாரைச் சொல்கிறது. சோழர் கப்பல் எதுவும் இந்தக் கரைகளில் ஒரு நங்கூரத்தை விட்டுப் போயிருந்தால்கூட, ஆயிரம் ஆண்டு மழைக்குப் பின் டிடெக்டருக்குக் கேட்க எதுவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

மண்ணின் இந்தக் குணத்துக்கு மனிதர்கள் உயிரைப் பணயம் வைக்கும் இடம் வடஇலங்கை. முகமாலை போன்ற இடங்களில் போர் விதைத்த கண்ணிவெடிகளில் பல, பெரும்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனவை. உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். சண்டை நடந்த நிலமெங்கும் இரும்புச் சிதறல் வேறு. அங்கே கண்ணிவெடி அகற்றுவோர், பெண்களும் அவர்களில் நிறையப் பேர், பல இடங்களில் நீளப் பிடி போட்ட வாருகோலால் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுத்தே தேடினார்கள். கருவியை நம்ப முடியாத மண்ணில் கையை நம்பினார்கள். செம்பாறை மண் நிறைந்த கம்போடியாவிலும் ஆப்பிரிக்காவின் சில நாடுகளிலும் இதே தொல்லை உண்டு.

அந்தத் துறையினர் கற்ற பாடம் எளிமையானது. வேலை தொடங்கும் முன் அதே இடத்து மண்ணில், தெரிந்த ஒரு பொருளைத் தெரிந்த ஆழத்தில் புதைத்துக் கருவிக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுதற்ற தரைக்கு மேல் எவ்வளவு உயரத்திலேயே கருவி கத்தத் தொடங்குகிறது என்று அளந்தால் மண்ணின் வம்பு எவ்வளவு என்பதும் தெரியும். மழைக்காலத்து அளவைக் கோடைக்குப் பயன்படுத்தக் கூடாது. பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும் அந்தமான் தரை, மே மாதத்தில் பருவமழை தொடங்கியதும் வேறு தரை.

பொழுதுபோக்காகத் தேட நினைப்பவர்களுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குண்டு போலத் தெரிவதை யாரும் தொடக்கூடாது, போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்குச் சட்டம் தேவையில்லை.

சட்டத்தைவிடக் கனமான காரணம் ஹம்ஃப்ரேகஞ்சில் இருக்கிறது. 1944 ஜனவரி 30 அன்று, உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டி 44 இந்தியர்களை ஜப்பானியப் படை இங்கே சுட்டுக் கொன்றது. இன்று ஒரு நினைவிடம் இருக்கிறது. சுற்றிலும் பச்சை, ஆள் நடமாட்டம் குறைவு. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு தோட்டா எந்த ஆழத்தில், எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் சாட்சியம்தான். யாரோ ஒருவர் ஞாபகார்த்தமாகப் பிடுங்கிக்கொண்டு போனால் உலோகம் மட்டும் மிஞ்சும், சாட்சியம் போய்விடும்.

கார்பின்ஸ் கோவில் மாலையானதும் கூட்டம் கலைகிறது. கடல் ஏறி வந்து, பகலெல்லாம் காய்ந்திருந்த மணலை நனைத்துவிட்டுப் போகிறது. மதியம் அங்கே ஒரு டிடெக்டர் மௌனமாக இருந்திருந்தால் அந்த மௌனத்துக்கு ஓர் அர்த்தம். உப்பை ஒதுக்கச் சொல்லிவிட்டு இப்போது அது மௌனமாக இருந்தால் வேறு அர்த்தம். சத்தம் வரவில்லை என்பதாலேயே கீழே ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போடுகிறவர், முதலில் எந்த மண்ணின் மேல் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.