வடாலாவிலிருந்து பன்வேல் வரை

மும்பைக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழர்க்கு முதற்கவலை வேலை. அடுத்த கவலை வீடு. வேலை அமைந்த பின்னரும் வீட்டுக் கவலை தீராது என்பதை இந்நகரில் வாழ்வோர் அறிவர். 1896ஆம் ஆண்டில் இங்கே பிளேக் நோய் பரவியது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. நெரிசலைக் குறைக்க அது வகுத்த தாதர், மாட்டுங்காத் தெருக்களில் நம் முன்னோர் பலர் வாடகைக்குக் குடியமர்ந்தனர். அடுத்த தலைமுறை செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் பரவிற்று. இன்றைய தலைமுறையோ, குடியிருக்க ஒரு வீடு இருப்பினும், முதலீடாக இன்னொரு வீடு தேடிப் பன்வேல் வரை செல்கிறது.

இதை நேரில் காணும் ஆவலால், குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் சங்கத்து அன்பர் ஒருவரின் குடும்பத்துடன் நாமும் புறப்பட்டோம். அன்பருக்குக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம். அவருடைய மனைவியார் பள்ளி ஆசிரியை. மூத்த பெண் பத்தாம் வகுப்பு, இளைய பையன் மூன்றாம் வகுப்பு. இதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அன்பர் தனியே சென்று வீடுகளைப் பார்த்து வந்திருந்தார்.

வடாலாவில் பன்வேல் வண்டி ஏறினோம். மான்குர்துக்கு அப்பால் நெருக்கமான கட்டடங்கள் விலகி, தாணேக் கழியின் அகன்ற நீர்ப்பரப்பு தோன்றியது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து தங்கும் கழி அது. பையன் சன்னலோரத்தை விட்டு நகரவில்லை. பெண்ணோ மடியில் விரித்த விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. மறுநாள் அவளுக்குப் பரீட்சை.

கழிக்கு அப்பால் உள்ளது நவி மும்பை. 1970இல் நிறுவப்பெற்ற சிட்கோ திட்டமிட்டு எழுப்பிய நகரம் இது. ரயில் 1992இல் வாஷியை எட்டியது. 1998இல் பன்வேலைத் தொட்டது. 1932இல் மாட்டுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் வழியிலுள்ள நெரூலிலும் கல்லூரிகளை அமைத்திருக்கிறது. பள்ளியும் ரயிலும் வந்த இடத்தில் குடும்பங்கள் வேரூன்றுகின்றன. அவற்றுக்கு முன்னரே வீடு விற்போர் வந்துவிடுகின்றனர்.

பன்வேலில் எங்களுக்கு மாதிரி வீடு ஒன்றைக் காட்டினர். சன்னலுக்கு வெளியே மலை, உள்ளே பளபளக்கும் தரை. விலை 40 லட்சம் ரூபாய். மாத வாடகை 12,000 கிடைக்கும் என்றார் விற்பனையாளர். பையன் கட்டிலில் ஏறி அமர்ந்து, “அம்மா, நாம் எப்போது இங்கே குடிவருவோம்?” என்று கேட்டான். “வரமாட்டோம் கண்ணா, வாடகைக்கு விடுவோம்” என்றார் அன்னை. “அப்படியென்றால் அப்பா இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இங்கே வரவேண்டும்?” என்றான் அவன்.

அக்கேள்விக்கு விடை காணத் திரும்பும் வண்டியில் ஆசிரியை காகிதமும் பேனாவும் எடுத்தார். கையிலுள்ள 10 லட்சம் போக 30 லட்சம் கடன். நூற்றுக்கு 8.5 வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 26,000 ரூபாய். கட்டி முடிக்கையில் மொத்தம் 62 லட்சத்துக்கு மேலாகிவிடும். வாடகை போக மாதந்தோறும் 14,000 கைப்பணம் வேண்டும். முத்திரைத் தீர்வை, சொஸைட்டிக் கட்டணம், வீட்டு வரி ஆகியன வேறு. இது பணக் கணக்கு.

அதன் கீழே அவர் நாட்கணக்கையும் எழுதினார். வாடகை உடன்படிக்கை வழக்கமாக 11 மாதத்துக்குத்தான். மகாராஷ்டிரச் சட்டப்படி அதை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். குடியிருப்பவர் மாறினால் தரகரைக் காணவேண்டும். மழைக்காலத்தில் கசிவு கண்டால் ஆள் தேடவேண்டும். போக வர அரை நாள் பிடிக்கும். இவ்வளவும் மகளின் பரீட்சை ஆண்டிலேயே வந்து சேரும்.

வீடு வாங்குவது தவறு என நாம் சொல்லவில்லை. வாடகை உயரலாம், மனையின் மதிப்பும் கூடலாம். ஆயினும் வீட்டைச் சதுர அடியால் மட்டும் அளத்தல் போதாது. குடும்பத்தின் நேரத்தாலும் அளத்தல் வேண்டும். அப்பா பாடம் சொல்லித் தரும் மாலையும், அனைவரும் கூடி உண்ணும் ஞாயிறும் வங்கிக் கணக்கில் இடம்பெறா. அவை செலவானால் திரும்பி வருவதும் இல்லை.

அன்பரும் மனைவியாரும் ஒரு நல்ல வழி கண்டனர். வீடு வாங்கியதாகவே எண்ணிக்கொண்டு, அடுத்த 12 மாதமும் அந்த 14,000 ரூபாயை மாத வைப்பில் போட்டு வருவது; பள்ளிக் கட்டணமும் ஊர்ப் பயணமும் தட்டின்றி நடந்தால், மகளின் பரீட்சை முடிந்தபின் வாங்குவது; நடவாவிடில் சேர்ந்த பணம் கையில் இருக்கும். இந்த ஒத்திகையை நம் சங்கத்துக் குடும்பங்களும் மேற்கொள்ளலாம்.

வாங்கத் துணிந்தோர் சிலவற்றை மறவாதிருத்தல் நலம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, பதிவு பெறவேண்டிய புதுத் திட்டத்துக்கு மகாரேரா எண் இருத்தல் வேண்டும். விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்யுமுன் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் கேட்டல் ஆகாது. விலை பேசுகையில் கார்ப்பெட் பரப்பையே கேளுங்கள். கட்டி முடிந்த வீடாயின் குடியேற்றச் சான்றிதழைக் கண்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று செய்யவேண்டும். கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து கணக்கெழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் அருகில் இருத்திக் கேளுங்கள். குடும்பத்துக்காகவே வாங்கும் வீடு, குடும்பத்தின் ஒப்புதலோடு வருதலே முறை.