புக்கானன் கேட்டறிந்த பெங்களூர்

1799 மே 4 அன்று மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் இறந்தார். அவருடைய நாட்டின் ஒரு பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. மைசூர்ப் பகுதி உடையார் வம்சத்துச் சிறுவன் ஒருவனுக்குத் தரப்பட்டு, திவான் பூர்ணையாவின் நிர்வாகத்தில் இருந்தது. இந்த நாடுகளில் என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள், எந்த வழக்கங்களைப் பின்பற்றுகிறார்கள் என்பதையெல்லாம் ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதும்படி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரான்சிஸ் புக்கானனை அனுப்பினார். ஸ்காட்லாந்துக்காரரான புக்கானன் கம்பெனியின் மருத்துவர், தாவரவியலில் தேர்ந்தவர்.

1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய அவர், காஞ்சிபுரம், ஆர்க்காடு, வேலூர் வழியாகக் கணவாய் ஏறி மே மாதம் பெங்களூர் வந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போய்விட்டுத் திரும்பவும் பெங்களூருக்கே வந்து விசாரணையைத் தொடர்ந்தார். பிறகு கோலார், சிரா, கோயம்புத்தூர், மலபார், கன்னடக் கரை என்று சுற்றி 1801 ஜூலையில் சென்னை சேர்ந்தார்.

அவர் விசாரித்த முறை எளிமையானது. மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாதியிலும் தொழிலிலும் சிலரை அழைத்துப் பேசினார். விதவை மறுமணம் உண்டா, இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா, குரு யார், இறைச்சி உண்பதுண்டா என்பவை பல சாதிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள். உழவரிடம் விதையளவையும் விளைச்சலையும், வணிகரிடம் சரக்கு வரும் ஊரையும் விலையையும் கேட்டார்.

பெங்களூர்ப் பேட்டை அப்போதுதான் மெல்லத் தலைதூக்கிக்கொண்டிருந்தது. 1791-இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை ஊரைப் பிடித்தபோது அது கொள்ளை போயிற்று. ஆர்க்காட்டு நாட்டோடும் நிஜாமின் நாட்டோடும் வணிகம் கூடாது என்று திப்பு போட்ட தடையில் வணிகர்கள் நொடித்துப் போயிருந்தார்கள். பூர்ணையாவின் ஆட்சியில், ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தனர். பாக்கும் மிளகும் சந்தனமும் பேட்டையின் முக்கியச் சரக்குகள்.

நெசவைப் பற்றிய குறிப்புகள் விரிவானவை. பட்டு நெய்த பட்டேகாரர், கத்ரிகள், பருத்தி நெய்த தேவாங்கர், தொகட்டர் எனப் பல பிரிவினரையும் அவர் தனித்தனியே விசாரித்தார். பெண்கள் நூற்ற நூலை வாரச் சந்தையில் நெசவாளர் வாங்கினார்கள். முரட்டுத் துணி நெய்த ஹொலெயர் தவிர மற்ற நெசவாளர் யாரும் வயல் வேலைக்குப் போகவில்லை. ஆகவே துணி விற்காத காலத்தில் மற்ற நெசவாளருக்கு வேறு பிழைப்பில்லை.

ஊரைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டவர்கள் கன்னடர் திகளர் என்று அழைத்த தமிழர். பல தலைமுறையாக அங்கேயே குடியிருந்தும் அவர்கள் வீட்டில் தமிழே பேசியதாகப் புக்கானன் எழுதுகிறார்.

சாதிகள் வலங்கை, இடங்கை என இரு அணிகளாகப் பிரிந்து நடத்திய பூசலிலும் தமிழகத் தொடர்பு உண்டு. பெங்களூரில் இடங்கையின் ஒன்பது சாதிகளுக்குக் கம்மாளரான பஞ்சாளரும், வலங்கையின் பதினெட்டுச் சாதிகளுக்கு வணிகரான பணஜிகரும் தலைமை தாங்கினர். எந்தச் சடங்கு யாருக்கு உரியது என்பதே சண்டைக்குக் காரணம். இந்தப் பிரிவைக் காஞ்சியில் காளி வகுத்ததாகவும், அதற்குச் செப்பேடு அங்குள்ள கோயிலில் இருப்பதாகவும் இரு தரப்பும் சொல்லின. ஆனால் அதன் நகல் என்று அவர்கள் காட்டியவை ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. புக்கானன் தீர்ப்புச் சொல்லாமல் முரணை அப்படியே பதிந்தார்.

விசாரித்தவர் அரசின் ஆள் என்பதை இந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது மறக்கலாகாது. விளைச்சலை உள்ளபடி சொன்னால் வரி கூடும் என்ற அச்சம் குடியானவருக்கு எப்போதும் உண்டு. கேள்விப் பட்டியல் கம்பெனியின் தேவைக்கேற்ப அமைந்தது. மக்கள் தாமாக எதைச் சொல்ல விரும்பினார்கள் என்பதற்கு அதில் இடம் குறைவு. பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் சாதித் தலைவர்கள், கணக்கர்கள், வணிகர்கள். நூற்ற பெண்களும் கூலியாட்களும் பிறர் வாய்மொழியிலேயே தெரிகிறார்கள்.

பயணக் குறிப்புகள் 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சேறின. பொருள்வாரியாகத் தொகுக்காமல் நாள்வாரியாகவே வெளிவந்ததால், எந்தச் செய்தி எந்த ஊரில் கேட்டது என்பது தெளிவாகத் தெரிகிறது. அதே ஆண்டு தொடங்கி 1814 வரை புக்கானன் வங்காளம், பீகார்ப் பகுதிகளிலும் இதைவிடப் பெரிய அளவில் மாவட்டம் மாவட்டமாக விசாரணை நடத்தினார்.