ஏறக்குறைய நூற்றெண்பது

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், இடைநிலைப்பள்ளி ஒன்றில் கணிதம் போதித்துப் பல்லாண்டுகளைக் கழித்தவன் நான். தொடக்கத்தில் என் கருவிகளெல்லாம் சுண்ணக்கட்டியும் மரத்தாலான பெரிய கவராயமுமே. 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, மடிக்கணினியும் படவீழ்த்தியும் வகுப்பறைக்குள் நுழைந்தன. 2012 முதல் படிப்படியாக ஆங்கிலம் விலகி மலாய்மொழி மீண்டது, கணினியோ நிலைத்துவிட்டது.

அதனை நான் மனமார வரவேற்றேன். ஆஸ்திரியா நாட்டவரான மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜிப்ரா எனும் மென்பொருள், பின்னாளில் என் கைக்கு வந்தது. திரையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் முனையைப் பற்றி இழுத்தால் போதும். வடிவம் மாறும், கோணங்களின் அளவுகளும் உடனுக்குடன் மாறும். கரும்பலகையில் ஒரு மணி நேரத்தில் மூன்று முக்கோணங்கள் வரைந்த நான், ஒரு நிமிடத்தில் முப்பது முக்கோணங்களைக் காட்டினேன். மாணவர் வியந்தனர், நானும் பெருமிதங் கொண்டேன்.

2018இல் ஒருநாள், முதற்படிவ மாணவி ஒருத்தி எழுந்தாள். தமிழ்ப்பள்ளியில் பயின்று வந்தவள். திரையில் 33.33, 53.33, 93.33 என மூன்று கோணங்கள் தோன்றின. அவற்றைத் தன் ஏட்டில் கூட்டிப் பார்த்தவள், "ஐயா, 179.99 தானே வருகிறது?" என்று கேட்டாள். பாடத்திட்டம் என்னை விரட்டிக்கொண்டிருந்தது. "அதைப் பொருட்படுத்தாதே, அம்மா, உட்கார்" என்றேன். அவள் அமர்ந்தாள். அதன்பின் அவள் வகுப்பில் கேள்வி கேட்கவில்லை.

மாதச் சோதனை வந்தது. முக்கோணத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகை யாது என்னும் வினாவுக்கு, 'ஏறக்குறைய 180' என்று பொருள்படும் மலாய்த் தொடரை அவள் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் தவறென்று குறியிட்ட என் கை, அப்படியே நின்றுவிட்டது. தவறு யாருடையது? கண்ணாற் கண்டதை அவள் நேர்மையாக எழுதினாள். கணினி இரண்டு தசம இடங்களுக்கு மேல் காட்டாமல் எண்களைச் சுருக்குகிறது என்பதை நானன்றோ சொல்லியிருக்க வேண்டும்?

மறுநாள் பள்ளி முடிந்தபின், தாழ்வாரத்தில் அவளை அமர்த்தித் தாளொன்றை எடுத்தேன். 33.33 என்று திரை காட்டியது உண்மையில் முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும். அம்மூன்றிலொரு பங்குகள் மூன்றுஞ் சேர்ந்தால் முழு ஒன்றாகும் என்பதை முதலில் விளக்கினேன். பிறகு ஒரு முக்கோணத்தின் உச்சியின் வழியே, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையச் சொன்னேன். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதை மலாய்ச் சொல்லால் வகுப்பில் கேட்டிருந்தாள். 'ஒன்றுவிட்ட' எனத் தமிழில் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. அடிக்கோணங்கள் இரண்டும் மேலேறி வந்து, உச்சிக்கோணத்தின் இருமருங்கிலும் அமர்வதை அவளே கண்டாள். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோடாயின.

"அப்படியானால் ஏறக்குறைய இல்லை, ஐயா, சரியாக 180!" என்றாள். "எந்த முக்கோணத்துக்கும் இப்படித்தானே?" என்றும் தொடர்ந்தாள். முப்பது முக்கோணங்கள் தராத உறுதியை, அந்த ஒற்றைக் கோடு தந்துவிட்டது.

கணினியை நான் கைவிடவில்லை. ஆயினும், திரையை ஒளிரச் செய்யுமுன் "என்ன வரும் என எண்ணுகிறீர்கள்?" என்று கேட்பதும், அணைத்தபின் "ஏன் அவ்வாறு வந்தது?" என்று கேட்பதும் அன்றுமுதல் என் வழக்கமாயின. கருவி பலவற்றை விரைந்து காட்டும். காட்டுவது வேறு, நிறுவுவது வேறு. எழுந்து நின்று வினவும் பிள்ளையை உட்காரச் சொல்லாதிருப்பதோ எக்கருவியும் செய்யாத பணி. அஃது ஆசிரியருக்கே உரியது.